4,000 சந்தாதாரர்களுக்கு லினக்ஸ் ரவுட்டர்: வேகம் எந்தப் பெட்டிக்கு, எந்தப் பெட்டிக்கு வேண்டாம்

"10 கிகா தாங்கும் ரவுட்டர் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போனால் தவறான பெட்டிதான் வீடு வந்து சேரும். ரவுட்டருக்கு பிட் கணக்கு ஒரு பொருட்டில்லை. அது பாக்கெட்டை எடுத்து, தலைப்பைப் படித்து, வழி தேடி, அடுத்த போர்ட்டில் தள்ளுகிறது. பாக்கெட் 1,518 பைட்டானாலும் 64 பைட்டானாலும் அந்த வேலை ஏறத்தாழ ஒன்றுதான். 10 கிகா இணைப்பை 1,518 பைட் பாக்கெட்டால் நிரப்பினால் நொடிக்கு 8.12 லட்சம் பாக்கெட். 64 பைட் பாக்கெட்டால் நிரப்பினால், முன்னால் வரும் 8 பைட்டையும் இடைவெளி 12 பைட்டையும் சேர்த்து, நொடிக்கு 1 கோடியே 48.8 லட்சம். இணைப்பு ஒன்றுதான், வேலை 18 மடங்கு.

இங்கே எடுத்துக்கொண்ட வேலை இது. மாவட்டத் தலைநகர் அளவு ஊரில் ஃபைபர் இணைப்பு தரும் சேவையாளர். உச்ச நேரத்தில் 4,000 பிபிபிஓஇ (பெயர், கடவுச்சொல்லோடு ஈதர்நெட் மேல் இணையும் முறை) சந்தாதாரர்கள் இணைப்பில் இருப்பார்கள். தலைக்கு 1.5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் டவுன்லோடு 6 ஜிபிபிஎஸ். மேலே இரண்டு நிறுவனங்களிடமிருந்து ஆளுக்கொரு 10 கிகா இணைப்பு. இருவரோடும் பிஜிபி (ரவுட்டர்கள் வழிகளைப் பரிமாறும் நெறிமுறை), முழு ரூட் அட்டவணை, அதாவது இணையம் முழுவதற்குமான வழிப்பட்டியல். சந்தாதாரர்களுக்கு 100.64.0.0/10 உள்முகவரி, வெளியே போகும்போது நாட் (பொது முகவரியாக மாற்றுதல்), ஐபிவி6 நேரடியாக. ஒவ்வொருவருக்கும் திட்டத்துக்கேற்ற வேக வரம்பு, ரேடியஸ் கணக்கு (உள்நுழைவும் பயன்பாடும் பதிவாவது). அனைத்தும் திறந்த மூல மென்பொருளில்: பிபிபிஓஇக்கு அக்செல்-பிபிபி, பிஜிபிக்கு எஃப்ஆர்ஆர் அல்லது பேர்ட், வடிகட்டலுக்கும் நாட்டுக்கும் என்எஃப்டேபிள்ஸ்.

பாக்கெட் கணக்குக்கு வருவோம். டவுன்லோடில் வீடியோவே பெரும்பங்கு என்பதால் சராசரி 1,000 பைட் என்று கொள்ளலாம். 6 ஜிபிபிஎஸ் என்றால் நொடிக்கு 7.5 லட்சம் பாக்கெட். எதிர்த்திசையில் பெரும்பாலும் டிசிபி ஒப்புகைகள்; அதற்கு 4.5 லட்சம் ஒதுக்கலாம். மொத்தம் 12 லட்சம். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) சாதாரண ரவுட்டிங்கில் செயலியின் ஒரு கோருக்கு ஏறத்தாழ 10 லட்சம் பாக்கெட் தள்ளும் என்பது இந்தத் துறையில் புழங்கும் கைக்கணக்கு. நாட்டும் வேக வரம்பும் சேர்ந்தால் அது பாதியாகும். அப்படியும், வேலை ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தால், 8 கோர் கொண்ட பெட்டி 12 லட்சத்தை எந்த முடுக்கமும் இல்லாமல் சுமக்கும்.

அப்படியானால் முடுக்கம் எதற்கு? கெட்ட நாளுக்கு. யாரோ ஒரு சந்தாதாரரின் முகவரியைக் குறிவைத்துச் சின்னப் பாக்கெட் வெள்ளத்தைத் திறந்துவிட்டால், 2 ஜிபிபிஎஸ்கூட நிரம்பாத வெள்ளமே நொடிக்கு 30 லட்சம் பாக்கெட்டைக் கொண்டுவரும். வரைபடத்தில் இணைப்பு பாதிகூட நிறைந்திருக்காது, ரவுட்டர் மூச்சுத் திணறிக் கிடக்கும். இன்னொரு வகை வெள்ளமும் உண்டு: டிஎன்எஸ் போன்றவற்றின் வழியே பெருக்கப்பட்டுப் பெரிய பாக்கெட்டுகளாக வந்து 10 கிகாவையும் அடைத்துவிடுவது. அதற்கு எந்த ரவுட்டரும் மருந்தல்ல. பாக்கெட் உங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே இணைப்பு நிரம்பிவிட்டது. அங்கே மேல் சேவையாளர் ஏற்கும் 65535:666 பிஜிபி கம்யூனிட்டிதான் வழி; "இந்த முகவரிக்கு வருவதை உங்கள் பக்கத்திலேயே கழித்துவிடுங்கள்" என்று சொல்லும் குறி அது. வன்பொருள் வாங்கும் முன்பே இரு நிறுவனங்களும் அதை ஏற்கின்றனவா என்று கேட்டு வைப்பது, விலை உயர்ந்த கார்டு வாங்குவதைவிடப் பயன் தரும்.

பாக்கெட்டுக்கு எங்கே நேரம் போகிறது

நொடிக்கு 1.48 கோடி பாக்கெட் என்றால் ஒன்றுக்கு 67.2 நானோ நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் அது சுமார் 200 சுழற்சி. கேஷில் இல்லாத ஒன்றை மெயின் மெமரிக்குப் போய் எடுத்துவரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். கெர்னலோ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு எஸ்கேபி அமைப்பை (பாக்கெட்டின் விவரங்களை வைக்கும் மெமரித் துண்டு) ஒதுக்குகிறது, கான்ட்ராக் (நடக்கும் இணைப்புகளின் பட்டியல்) பதிவைத் தேடுகிறது, விதிச் சங்கிலிகளை நடக்கிறது, ரூட் தேடுகிறது, பின் க்யூவில் வைக்கிறது. ரூட் தேடல்தான் பாரம் என்று பலரும் நினைப்பார்கள். பத்து லட்சம் ரூட் இருந்தாலும் அது இந்தப் பட்டியலில் சின்னச் செலவுதான். எஸ்கேபி ஒதுக்கீடும் கான்ட்ராக்கும்தான் தின்பவை. முடுக்க முறைகள் எல்லாமே இந்தப் பட்டியலில் எதையாவது தாண்டிக் குதிப்பவை. தாண்டுவது எதை என்று தெரிந்தால், இழப்பது எதை என்பதும் தெரியும்.

முடுக்க முறைகளில் முதலாவது ஃப்ளோடேபிள், கெர்னல் 4.16 முதல் இருக்கிறது. ஒரு இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகள் வழக்கமான பாதையில் போகும். கான்ட்ராக் அதை நிலைபெற்ற இணைப்பு என்று குறித்ததும், மீதிப் பாக்கெட்டுகள் நுழைவாயிலிலேயே பிடிக்கப்பட்டு, நாட் மாற்றம் செய்யப்பட்டு, நேரே வெளியேறும். நாலைந்து வரி விதியில் இயக்கிவிடலாம். சங்கடம் மூன்று. நிலைபெற்ற இணைப்புக்குப் பின் நீங்கள் மாற்றும் விதி அந்த இணைப்பைத் தொடாது. பிபிபிஓஇ இடைமுகத்தில் வைத்த வேக வரம்பை அது சுற்றிக்கொண்டு போய்விடும், ஏனென்றால் பாக்கெட்டை அடியிலுள்ள ஈதர்நெட் போர்ட்டில் நேரே போடுகிறது. அந்த இடைமுகத்தின் பைட் கணக்கும் பொய்த்துப்போகும். மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது: போலி முகவரிகளிலிருந்து வரும் வெள்ளத்தில் ஒவ்வொரு பாக்கெட்டும் புது இணைப்பு. ஃப்ளோடேபிள் அங்கே ஒரு பாக்கெட்டுக்கும் உதவாது. நல்ல நாளின் சுமையைக் குறைக்கும், கெட்ட நாளில் காணாமல் போகும்.

எக்ஸ்டிபி இதற்கு நேரெதிர். டிரைவர் பாக்கெட்டைத் தொட்டதுமே, எஸ்கேபி உருவாகும் முன், உங்கள் சிறு நிரல் ஓடி "கழித்துப் போடு, விடு, திருப்பு" என்று தீர்ப்புச் சொல்லும். கெர்னல் 4.8 முதல் உண்டு. 2018-இல் வெளியான அளவீட்டில் ஒரே கோர் நொடிக்கு 2.4 கோடி பாக்கெட்டைக் கழித்துப் போட்டது. டிரைவரில் நேரடி ஆதரவு இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இல்லாவிட்டால் பொது முறையில் ஏறிக்கொள்ளும். அதில் எஸ்கேபி உருவான பிறகுதான் நிரல் ஓடுகிறது, வேக லாபம் பறந்துவிடும். பிழைச் செய்தியும் வராது. ஏற்றும்போதே நேரடி முறையை வற்புறுத்தும் கொடியைக் கொடுத்து, முடியாவிட்டால் தோற்கும்படி செய்ய வேண்டும்.

டிபிடிகே கெர்னலையே ஒதுக்கிவைக்கிறது. கார்டு ஒரு பயனர் நிரலின் கைக்குப் போகிறது. அந்த நிரல் கோரை விடாமல் பிடித்துக்கொண்டு க்யூவைச் சதா பார்த்துக்கொண்டிருக்கும். அதன்மேல் நிற்கும் விபிபி, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அன்றி 256 வரை கொண்ட கட்டாகச் சேர்த்து ஒவ்வொரு படியிலும் நடத்துகிறது. ஒரு படியின் குறிமுறை கேஷில் ஏறினால் கட்டு முழுவதற்கும் பயன்படும் என்பதே அதன் சூட்சுமம். சிஸ்கோவில் பிறந்து, 2016 முதல் எஃப்டி.ஐஓ திட்டத்தில் திறந்த மூலமாக இருக்கிறது. வேகத்தில் இதற்கு இணையில்லை. விலை: டிசிபிடம்ப் முதல் என்எஃப்டேபிள்ஸ் வரை நீங்கள் பழகிய கருவிகள் அந்தப் போர்ட்டைப் பார்க்கவே முடியாது.

நான்காவது, சிப்பிலேயே முடுக்கம். மீடியாடெக் எம்டி7986, எம்டி7988 போன்ற சிப்புகளில், ரவுட்டருக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி, ஃப்ளோடேபிள் பதிவை வன்பொருளுக்கே இறக்கிவிடும். செயலி சும்மா இருக்க நாட்டும் பிபிபிஓஇயும் முழு வேகத்தில் ஓடும். வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் இதைவிட நல்ல பேரம் கிடையாது. ஆனால் கேக் அல்லது எஸ்க்யூஎம் என்ற வரிசை ஒழுங்குமுறைகளை வைத்துத் தாமதத்தைக் கட்டுப்படுத்த நினைப்பவர் இதை அணைத்தாக வேண்டும், இரண்டும் சேர்ந்து வாழாது. நம் 4,000 பேர் கணக்குக்கு இது பொருந்தாது.

ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டாம்

இந்த நான்கையும் வேலைப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் முடிவு தானாக விழுகிறது. வேக வரம்பும் ரேடியஸ் கணக்கும் பிபிபிஓஇ இடைமுகத்தில் இருக்கின்றன. அங்கே ஃப்ளோடேபிள் கூடாது. விபிபியில் பிபிபிஓஇ செருகு இருந்தாலும், அக்செல்-பிபிபி கெர்னலோடு சேர்ந்து தரும் முழுமையான சந்தாதாரர் நிர்வாகத்துக்கு அது ஈடாகாது. வெள்ளம் வருவதோ மேல் இணைப்பிலிருந்து. ஆகவே சந்தாதாரர்களின் பிபிபிஓஇ அமர்வுகள் வந்து முடியும் பிஎன்ஜி ஒரு பெட்டி, முடுக்கம் ஏதுமற்ற சுத்தமான கெர்னல். பிஜிபியும் நாட்டும் செய்யும் எட்ஜ் இன்னொரு பெட்டி. முடுக்கம் முழுவதும் அங்கே. நடுவே ஒரு 10 கிகா இணைப்பு. இரண்டுக்கும் ஒரே வன்பொருளை வாங்கினால் மூன்றாவதாக ஒன்றை அலமாரியில் வைத்து இரண்டுக்குமே மாற்றாக்கலாம்.

எட்ஜில் 12 லட்சம் பாக்கெட்டுக்கு விபிபி தேவையில்லை என்பது எங்கள் தீர்ப்பு. கெர்னல் நாட், ஃப்ளோடேபிள், வாசலில் எக்ஸ்டிபி வடிகட்டி, இது போதும். நல்ல நாளுக்கு ஒன்று, கெட்ட நாளுக்கு மற்றொன்று. வழக்கமான சுமையே 40, 50 லட்சத்தைத் தாண்டும்போது அல்லது 25 கிகா போர்ட் வரும்போது விபிபியைப் பேசலாம். அதற்கு முன்பே போவது, இரவு 2 மணிக்கு எழுந்து சரிசெய்ய வேண்டிய ஆளுக்குச் செய்யும் அநியாயம்.

கார்டு: பெரும்பாலோர் விழும் குழி

கார்டின் முதல் கடமை வேகம் அல்ல, பிரித்தல். வரும் பாக்கெட்டின் ஐபி முகவரிகளையும் போர்ட்களையும் ஹாஷ் செய்து, பல க்யூக்களில் போட்டு, க்யூவுக்கு ஒரு கோர் என்று வேலையைப் பரப்புவது ஆர்எஸ்எஸ். ஆனால் பாக்கெட் பிபிபிஓஇ உறைக்குள் இருந்தால், பெரும்பாலான கார்டுகளுக்கு உறைக்குள் இருக்கும் ஐபி தலைப்பு தெரியாது. இன்டெல் 82599 சிப் கொண்ட எக்ஸ்520, 2.5 கிகா ஐ226 இரண்டும் இந்த ரகம். எல்லாப் பாக்கெட்டும் 0-ஆம் க்யூவில் விழும். எட்டு கோரில் ஒன்று வெந்துகொண்டிருக்கும், ஏழு குறட்டை விடும்.

பிஎன்ஜியில் இதன் குணம் விசித்திரமானது. டவுன்லோடு பாக்கெட்டுகள் எட்ஜிலிருந்து வெறும் ஐபியாக வருகின்றன, நன்றாகப் பிரிகின்றன. சந்தாதாரர் பக்கத்திலிருந்து வருபவை மட்டுமே உறையோடு வந்து ஒரே கோரில் குவிகின்றன. அந்த 4.5 லட்சம் பாக்கெட்டில் பெரும்பகுதி டிசிபி ஒப்புகைகள். அவை தாமதமானால் டவுன்லோடுதான் இழுக்கும். ஆக, "அப்லோடு சரி, டவுன்லோடு மந்தம்" என்று புகார் வரும், பார்ப்பவர் டவுன்லோடு பக்கத்தையே தோண்டிக்கொண்டிருப்பார். எம்பிஸ்டாட் கட்டளை கொண்டு கோர் வாரியாகப் பார்த்தால், சாஃப்ட் ஐஆர்க்யூ (பாக்கெட் வேலைக்குப் போகும் நேரம்) நெடுவரிசையில் ஒரே ஒரு கோர் 100-ஐத் தொட்டு நிற்பது உடனே தெரியும்.

மலிவான மாற்று ஆர்பிஎஸ், அதாவது அதே பிரித்தலைக் கெர்னல் மென்பொருளில் செய்வது. 0-ஆம் க்யூவின் ஆர்பிஎஸ் கோப்பில் கோர் 1 முதல் 7 வரை என்று எழுதினால், 0-ஆம் கோர் பாக்கெட்டை எடுத்து, கெர்னலே உறைக்குள் பார்த்து ஹாஷ் செய்து, மற்ற கோர்களுக்குக் கைமாற்றும். எடுத்துக் கைமாற்றும் வேலை மட்டும் அந்த ஒரு கோரிடம் மிஞ்சும், 4.5 லட்சத்துக்கு அது தாங்கும். வீட்டு ஃபைபர்கள் வந்து சேரும் ஓஎல்டி கருவிகளை இரண்டு போர்ட்களில் பிரித்துப்போட்டால் குவிதலும் இரண்டாகப் பிரியும். பணம் இருந்தால் இன்டெல் இ810: பாக்கெட் வகைகளைப் படிக்கக் கார்டுக்குக் கற்றுத்தரும் தொலைத்தொடர்பு டிடிபி கோப்பை ஏற்றினால் பிபிபிஓஇ உறைக்குள்ளும் படிக்கும். ஆனால் இ810-க்கு ஒரு குணம் உண்டு. டிடிபி கோப்பு கிடைக்காவிட்டால் பாதுகாப்பு முறையில் ஏறி ஒரே க்யூவோடு ஓடும். ஃபர்ம்வேர் பொதி நிறுவப்பட்டிருந்தும், டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்தே (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பு) ஏறி, கோப்பு அதற்குள் இல்லாவிட்டாலும் இதே கதைதான். பூட் செய்ததும் டிமெசேஜ் என்ற கெர்னல் பதிவில் பாதுகாப்பு முறை என்று சொல்லும் வரியைத் தேடுங்கள்.

பிஎன்ஜியில் இன்னொரு மறைவான செலவு கெர்னலின் பிபிபிஓஇ அமர்வு அட்டவணை. அமர்வுகளைப் பிரித்துவைக்கும் அதன் ஹாஷில் வழக்கமாக 16 அறைகள்தான். சில அமர்வுகளுக்கு மட்டுமே போதும் எண். 4,000 அமர்வென்றால் அறைக்கு 250. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சராசரியாக அந்தச் சங்கிலியில் பாதி தூரம் நடக்க வேண்டும். கெர்னலைத் தொகுக்கும்போது இதை 256 ஆக்கினால் சங்கிலி 16 ஆகச் சுருங்கும்.

வாங்கும்போது கணக்கிட வேண்டிய அடுத்தது பிசிஐஇ, கார்டைச் செயலியோடு இணைக்கும் பாதை. எக்ஸ்520 இரண்டாம் தலைமுறை, 8 தடம். ஒரு தடத்துக்கு உண்மையில் 4 ஜிபிபிஎஸ். நான்கு தடம் மட்டுமே உள்ள ஸ்லாட்டில் வைத்தால் 16 ஜிபிபிஎஸ், இரண்டு 10 கிகா போர்ட்டுக்குப் போதாது. எக்ஸ்710-உம் மெலனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-4 எல்எக்ஸும் மூன்றாம் தலைமுறை. நான்கு தடத்திலேயே 31 ஜிபிபிஎஸ் கிடைக்கும். சாதாரண மதர்போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட் பார்க்க 16 தடம் போலிருக்கும், உள்ளே சிப்செட் வழியாக நான்குதான். எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில் இணைப்பு நிலை வரியில் வேகமும் அகலமும் குறைக்கப்பட்டதாக எழுதியிருந்தால் ஸ்லாட்டை மாற்றுங்கள். சந்தையில் நிறையக் கிடைக்கும் என்100 மினி பெட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை: அந்தச் செயலியிடம் மொத்தமே மூன்றாம் தலைமுறைத் தடங்கள் 9. அதில் எஸ்எஸ்டியும் நான்கு 2.5 கிகா போர்ட்டும் எடுத்தது போக எஸ்எஃப்பி+ போர்ட்டுக்கு (மாட்யூல் செருகும் 10 கிகா போர்ட்) எவ்வளவு மிஞ்சும் என்று விற்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

எஸ்எஃப்பி பூட்டும் உண்டு. எக்ஸ்520 பிற நிறுவன மாட்யூலை மறுக்கும், ஆனால் டிரைவரில் ஒரு அளபுரு கொடுத்து ஏற்கவைக்கலாம். எக்ஸ்710-இல் பூட்டு கார்டின் நினைவகத்திலேயே இருக்கிறது, டிரைவர் அளபுரு உதவாது. மெலனாக்ஸ் பொதுவாக எதையும் ஏற்கும். ஒரே ரேக்குக்குள் செப்புக் கம்பி 10 கிகா மாட்யூலைத் தவிர்த்து, முனைகள் பொருத்தியே வரும் டிஏசி கேபிள் போடுங்கள். அந்த மாட்யூல்கள் கொதிக்கும், பக்கத்து மாட்யூலையும் சேர்த்துச் சுடும். இந்தக் கார்டுகளின் ஹீட்சிங்க் ரேக் சர்வரின் முன்பின் காற்றோட்டத்தை நம்பிச் செய்தது. மேசைக் கணினிப் பெட்டியில் வைத்தால் மே மாதத்தில் பாடம் கற்பிக்கும்.

செயலி கடைசியில்

ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரே கோரில்தான் ஓடும் என்பதால், கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். 8 கோர், 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல், ஒற்றைச் சாக்கெட், இசிசி (பிழை திருத்தும்) மெமரி. ஜியான் இ-2288ஜி இந்த அளவுக்குச் சரியாக உட்காரும்: 8 கோர், 3.7 கிகாஹெர்ட்ஸ், 95 வாட், 16 தடம். அந்த 16-ஐ 8+8 ஆகப் பிரித்துத் தரும் மதர்போர்டா என்பதை மட்டும் உறுதி செய்ய வேண்டும். இரண்டு கார்டுக்கும் நேரடித் தடம் கிடைக்கும். 65 வாட் ரைசன் 7 7700-உம் நன்றாக ஓடும், மதர்போர்டில் இசிசி உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பழைய சர்வர் சந்தையில் இரட்டை ஜியான் இ5-2680 வி4 மலிவாகக் கிடைக்கிறது. 28 கோர் என்று ஆசை காட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ், சாக்கெட்டுக்கு 120 வாட். கார்டு ஒரு சாக்கெட்டில் இருக்க, பாக்கெட்டை மற்ற சாக்கெட்டின் கோர் எடுத்தால் ஒவ்வொரு மெமரிப் பயணமும் பாலத்தைக் கடக்க வேண்டும். அதை வாங்கியே தீர வேண்டுமென்றால் ஒரு செயலியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நல்லது.

ஆகக் கொள்முதல் இப்படி அமைகிறது, ஒரு பெட்டிக்கு: மேற்சொன்ன செயலி, 16 ஜிபி இசிசி மெமரி இரண்டு, எக்ஸ்710 அல்லது கனெக்ட்எக்ஸ்-4 எல்எக்ஸ் இரட்டைப் போர்ட் கார்டு இரண்டு, 240 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு நகலாக, இரட்டை மின்வழங்கி. இப்படி மூன்று பெட்டி.

பொருத்திய பின்

பயாஸில் ஆழ்ந்த சி-நிலைகளை (கோர் தூங்கும் நிலைகள்) அணைத்து சி1-இல் நிறுத்துங்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து கோர் எழ நூறு மைக்ரோ நொடியும் ஆகலாம். முழுவேக வெள்ளத்தில், பாக்கெட்டுகள் காத்திருக்கும் 512 இடம் கொண்ட ரிங் 34 மைக்ரோ நொடியில் நிரம்பிவிடும். ஹைப்பர் திரெடிங்கையும் அணைத்துவிடலாம். ஆற்றல் முறை பெர்ஃபார்மன்ஸ். குறுக்கீடுகளைத் தானாக இடம் மாற்றும் ஐஆர்க்யூபேலன்ஸை நிறுத்தி, கார்டுக்கு 7 க்யூ அமைத்து, குறுக்கீடுகளை கோர் 1 முதல் 7 வரை கட்டிவிடுங்கள். கோர் 0-ஐப் பாக்கெட் வேலையிலிருந்து விலக்கி பிஜிபிக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் விடுவது எட்ஜில் கட்டாயம். வெள்ளத்தில் எட்டு கோரும் சாஃப்ட் ஐஆர்க்யூவில் மூழ்கினால் பிஜிபி நிரலுக்கு ஓட நேரம் கிடைக்காது. எதிர்முனை பொறுத்திருக்கும் ஹோல்டு நேரம் கடந்து பிஜிபி இணைப்பு விழும், பிறகு பத்து லட்சம் ரூட்டையும் புதிதாக வாங்கும் வேலை அதே மூழ்கிய பெட்டியின் தலையில் விழும். பிஎன்ஜியில் 0-ஆம் க்யூவை வேறு கோரில் கட்டினால், மேலே சொன்ன ஆர்பிஎஸ் பட்டியலில் அந்த கோரையும் கோர் 0-ஐயும் விட்டு மற்றவற்றை எழுதுங்கள்.

ரிங் அளவை உச்சத்துக்கு ஏற்றுவது பலருக்குப் பழக்கம். 4,096 இடம், இடத்துக்கு 2 கேபி, 7 க்யூ: 56 எம்பி. இ-2288ஜியின் மொத்த கேஷே 16 எம்பி. பாக்கெட் கேஷிலிருந்து வழிந்து மெயின் மெமரிக்குப் போய்த் திரும்பும், டிராப் (பாக்கெட் இழப்பு) குறைவதற்குப் பதில் ஒவ்வொரு பாக்கெட்டும் மெதுவாகும். 1,024-இல் தொடங்கி, கார்டின் தவறிய பாக்கெட் எண் ஏறினால் மட்டும் ஏற்றுங்கள்.

நாட் கணக்கு: ஒரு பொது முகவரியில் 1,024 முதல் 65,535 வரை 64,512 போர்ட். சந்தாதாரருக்கு 1,008 போர்ட் கொடுத்தால் ஒரு முகவரிக்குச் சரியாக 64 பேர், 4,000 பேருக்கு 63 முகவரி. ஒரு /26 போதும். யாருக்கு எந்தப் போர்ட் வரிசை என்று நிலையாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு இணைப்பையும் பதிவுசெய்து சேமிக்கும் சுமையும் பெருமளவு குறையும். கான்ட்ராக் உச்ச வரம்பை 20 லட்சமாக்குங்கள். பதிவுக்கு 400 பைட் என்று தாராளமாக வைத்தாலும் 800 எம்பிதான். அந்த அட்டவணையின் ஹாஷ் அறை எண்ணிக்கையையும் கூடவே ஏற்ற வேண்டும். நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கான காலக்கெடு வழக்கமாக 4,32,000 நொடி, அதாவது 5 நாள். அப்படியே விட்டால் செத்த இணைப்புகளே அட்டவணையை நிரப்பும். 7,440 நொடியாக்குங்கள்.

எக்ஸ்டிபி வடிகட்டி மேல் இணைப்புப் போர்ட்களில் மட்டும். நாட் முகவரிகளின் 1,024-க்குக் கீழ்ப்பட்ட போர்ட்டுக்கு வெளியிலிருந்து வரும் டிசிபி, யுடிபி எதுவும் தேவையில்லை, கழித்துப் போடலாம். மற்றவற்றுக்கு, அண்மைக் கெர்னல்களில் கான்ட்ராக் பதிவு இருக்கிறதா என்று எக்ஸ்டிபி நிரலே கேட்டுப் பார்க்கும் வசதி உண்டு. இல்லாததை அங்கேயே கழித்தால் போலி வெள்ளம் எஸ்கேபியைத் தொடாமல் முடியும். பிஜிபி பேசும் முகவரிகளுக்கு விலக்கு வைக்க மறக்கக்கூடாது. ஐசிஎம்பியை (பிணையத்தின் அறிவிப்புச் செய்திகள்) ஒட்டுமொத்தமாகக் கழித்துவிடவும் கூடாது: பிபிபிஓஇயில் எம்டியு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, 1,492, பாதை அளவு சொல்லும் ஐசிஎம்பி தொலைந்தால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் நிற்கும். பிஎன்ஜியில் எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி பாக்கெட் சுமக்கும் தரவின் உச்ச அளவு) ஐபிவி4-க்கு 1,452, ஐபிவி6-க்கு 1,432 என்று கட்டிவிடுவதும் அதனால்தான்.

பின்னாளில் விபிபிக்குப் போகிறவர்கள் மூன்று இடத்தில் தடுக்குவார்கள். பொதியோடு வரும் சிஸ்கண்ட்ரோல் (கெர்னல் அமைப்புகள்) கோப்பு, விபிபிக்கு ஒதுக்கும் பெரிய மெமரிப் பக்கங்களின் எண்ணிக்கையை 1,024 என்று திருப்பி எழுதும். நீங்கள் பூட்டில் கொடுத்தது காற்றில் போகும். முழு அட்டவணைக்கு விபிபியின் வழக்கமான 1 ஜிபி மெயின் ஹீப் (அது தனக்கு ஒதுக்கும் மெமரி) பற்றாது. லினக்ஸ்-சிபி செருகு கெர்னல் ரூட்களை நெட்லிங்க் என்ற செய்தி வழியாகப் படிக்கிறது. பிஜிபி எழும் நேரத்தில் அந்த பஃபர் வழிந்து சில ரூட்கள் மட்டும் விபிபிக்கு வராமல் போகும், எனவே 64 எம்பி கொடுங்கள். டாப் கட்டளை எப்போதும் 100 காட்டும் என்பதால் சுமையை அதில் படிக்க முடியாது. ரன்டைம் வெளியீட்டில் ஒரு அழைப்புக்கு எத்தனை பாக்கெட் என்ற எண்ணைப் பாருங்கள்: ஒன்றுக்கு அருகில் என்றால் ஓய்வு, 256-ஐ நெருங்கினால் திணறல்.

எங்கே டிராப் ஆகிறது

கார்டின் தவறிய எண் ஏறினால் கோர் வேகமாக எடுக்கவில்லை, அல்லது பிசிஐஇ குறுகிவிட்டது. சாஃப்ட்நெட் ஸ்டாட் கோப்பின் இரண்டாம் நெடுவரிசை ஏறினால் ஆர்பிஎஸ் அனுப்பும் கோர்களின் வரிசை நிரம்புகிறது, பேக்லாக் அளவை உயர்த்த வேண்டும். மூன்றாம் நெடுவரிசை ஏறினால் கோருக்கு ஒதுக்கிய தவணைக்குள் வேலை முடியவில்லை. நெட்டெவ் பட்ஜெட்டை 300-இலிருந்து 600 ஆக்கிப் பார்க்கலாம். டிமெசேஜில் கான்ட்ராக் அட்டவணை நிறைந்தது என்ற வரி வந்தால் காரணம் தேடவே வேண்டாம். இவை எதுவும் ஏறாமல் புகார் மட்டும் வந்தால், வேக வரம்பு விதியில்தான் பாக்கெட் விழுகிறது.

ஐபெர்ஃப்-ஐ ரவுட்டரிலேயே ஓட்டிப் பார்த்து 9.4 ஜிபிபிஎஸ் வந்தது என்று மகிழ்வது சோதனை ஆகாது. அது பெரிய பாக்கெட், ஒரே இணைப்பு, கார்டின் துண்டாக்கும் வசதியோடு. ரவுட்டிங் அதில் கிடையாது. எட்ஜுக்கு ட்ரெக்ஸ் என்ற பாக்கெட் உருவாக்கி ஏற்றிய இன்னொரு பெட்டியை இரு பக்கமும் இணைத்து, பிஎன்ஜிக்கு பிபிபிஓஇ அமர்வுகளையே உருவாக்கும் பிஎன்ஜி பிளாஸ்டரைக் கொண்டு சோதிக்க வேண்டும். முதலில் 1,518 பைட். பிறகு 7:4:1 விகிதத்தில் 64, 594, 1,518 கலந்த ஐமிக்ஸ்; 10 கிகாவில் அது திசைக்கு நொடிக்கு 32.7 லட்சம் பாக்கெட், நம் அன்றாடச் சுமையைவிட மிக அதிகம். இந்த எட்ஜ் அதை முழுவதும் சுமக்க வேண்டியதில்லை. எந்தப் புள்ளியில் இழக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டால் போதும், அது 25 லட்சத்துக்கு மேல் இருக்கட்டும். ஒவ்வொரு சோதனையையும் ஒரு இணைப்பு, 10,000 இணைப்பு, பத்து லட்சம் போலி முகவரி என்று மூன்று விதமாக ஓட்டுங்கள். முதலாவது ஒரு கோரின் எல்லையைக் காட்டும், இரண்டாவது பிரிதலை, மூன்றாவது எக்ஸ்டிபி வடிகட்டியை.

கடைசிச் சோதனையில் 12 லட்சம் பாக்கெட் ஓடிக்கொண்டிருக்க, 64 பைட் போலி வெள்ளத்தை முழுவேகத்தில் ஒரு மேல் போர்ட்டில் திறந்து, மற்ற மேல் இணைப்பின் பிஜிபியை விழவைத்து எழுப்புங்கள். வெள்ளம் வரும் போர்ட்டின் பிஜிபி விழாமல் நிலைக்க வேண்டும், எஸ்எஸ்எச் தடையின்றி உள்ளே விட வேண்டும், எழுந்த பக்கத்தின் ரூட்கள் முழுதாக கெர்னலில் ஏற வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தவறினால் சந்தாதாரர்களை இந்தப் பெட்டிக்கு மாற்றாதீர்கள். முதலில் கோர் 0 மீது ஏதாவது க்யூ கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.